அன்று பம்பாயில் நாம்... இன்று தரமணியில் அவர்கள்! ‘வடக்கன்’ சர்ச்சையில் நாம் மறந்த கதை

காலை எட்டு மணிக்குத் தரமணி பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். கழுத்தில் ஐ.டி கார்டு, முதுகில் லேப்டாப் பையோடு ஐ.டி பார்க் பக்கம் நடப்பவர்கள் ஒரு கூட்டம். கையில் ஹெல்மெட், தோளில் டிபன் பையோடு கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் கேட்கும். இரண்டாவது கூட்டத்தில் இந்தி, போஜ்புரி, வங்காளம், ஒடியா கேட்கும்.

இரண்டு கூட்டமும் ஒன்றாக நிற்கும் இடம் டீக்கடைதான். அப்படி ஒரு கடையில் நானும் ஒரு டீ சொல்லிவிட்டு நின்றிருந்தேன்.

“அக்கா, நாலு டீ. ஒண்ணு சக்கரை கம்மி” என்றார் ஹெல்மெட் வைத்திருந்த இளைஞர். தமிழ் கொஞ்சம் உடைந்திருந்தாலும் தெளிவாகவே இருந்தது. அவர் டீயை வாங்கிக்கொண்டு நகர்ந்ததும், பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் ஆரம்பித்தார். “எங்க பார்த்தாலும் வடக்கனுங்கதான். இன்னும் பத்து வருஷம் போனா நாமதான் இந்த ஊர்ல விருந்தாளி.”

கடைக்கார அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “அவங்க இல்லன்னா என் கடையில பாதி வியாபாரம் இல்லண்ணே.” அதோடு நிறுத்தவில்லை. “ஆனா என் வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை. முன்னாடி மாசம் இருபத்தஞ்சு நாள் வேலை இருக்கும். இப்ப பதினஞ்சு நாள் கிடைச்சா பெருசு. அதையும் நான்தான பார்க்குறேன்?”

ஒரே ஆளின் வாயிலிருந்து வந்த இந்த இரண்டு வரிகளும் உண்மை. ஆனால் நம் போனில் ஓடும் சண்டையில் இரண்டில் ஒன்று மட்டும்தான் வரும். ‘வந்தாரை வாழவைக்கும் தமிழகம்’ என்று ஒரு பக்கம் பெருமை பேசும். ‘வடக்கன்’ என்று இன்னொரு பக்கம் திட்டும். உண்மையில் யாருக்கு யார்மேல் கோபம்? அதில் எது நியாயம்?

ஒரே வார்த்தைக்குள் மூன்று கோபம்

‘வடக்கன்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், அதற்குள் மூன்று தனித்தனி கோபங்கள் இருக்கின்றன.

முதலாவது, மொழி. 1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது தொடங்கிய போராட்டம், 1965-ல் மாநிலம் முழுக்க எரிந்தது. நம் தாத்தா பாட்டிகள் கண்ணால் பார்த்தது. இன்றைக்கும் ஒரு வங்கிக் கவுன்ட்டரிலோ ரயில்வே கவுன்ட்டரிலோ தமிழ் தெரியாத ஊழியரிடம் ஒரு வயதான அம்மா தடுமாறும்போது, அந்தப் பழைய கோபம் திரும்ப வருகிறது.

இரண்டாவது, வேலை. டீக்கடை அக்கா சொன்னது அதுதான்.

மூன்றாவது, ‘நாளைக்கு இவர்கள் ஓட்டுப் போட்டால் நம் அரசியல், நம் பண்பாடு எல்லாம் மாறிவிடுமோ’ என்ற பயம்.

மூன்றுக்கும் பொறுப்பாளிகள் வேறு வேறு. வங்கியில் யாரை வேலைக்கு வைப்பது என்று முடிவெடுப்பவர், தரமணியில் கம்பி கட்டுகிறவர் இல்லை. கூலியைக் குறைப்பது கான்ட்ராக்டர். பள்ளியில் எந்த மொழி இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பது அரசு. ஆனால் இந்த மூன்று கோபத்துக்கும் சேர்த்து அடி வாங்குவது, கைக்கு எட்டும் தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஆள்தான்.

பயம் இரண்டு பக்கமும் ஃபார்வர்டு ஆனது

2012-ம் ஆண்டை இந்தப் பகுதியில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் அடுத்தடுத்து வங்கிக் கொள்ளைகள் நடந்தன. பிப்ரவரி 23 அதிகாலை, தரமணிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் போலீஸ் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வடமாநிலத்தவர்கள் என்று போலீஸ் சொன்னது. அதன்பிறகு வாடகைக்கு இருப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது. ‘வட இந்தியர்’ என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம், வீடு தேடும் இடம் வரை வந்தது.

அடுத்தது 2023. அந்த வருட ஜனவரியில், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக உள்ளூர்க்காரர்களை விரட்டுவதுபோல ஒரு வீடியோ பரவியது. ‘தமிழனை அடிக்கிறார்கள்’ என்று பகிர்ந்தோம். சின்ன வாய்த்தகராறில் தொடங்கிய சண்டை அது என்று போலீஸ் விளக்கம் தந்தது.

அடுத்த சில வாரங்களிலேயே அதே காட்சி தலைகீழானது. மார்ச் முதல் வாரத்தில், ‘தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள்’ என்று வீடியோக்கள் பீகாரில் பரவின. அப்போதைய டி.ஜி.பி சைலேந்திர பாபு, அவை பொய் என்று வீடியோ வெளியிட்டார். பரவியவற்றில் ஒன்று, பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாகச் சண்டை போட்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். பீகார் அரசு ஒரு அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பி விசாரித்தது. பொய் பரப்பியதாக வழக்குகள் பதிவாகின, கைதுகளும் நடந்தன.

அதற்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் எத்தனை அம்மாக்கள் போன் போட்டு, “கிளம்பி வந்துடு” என்று அழுதிருப்பார்கள்? ஹோலிக்கு ஊருக்குப் போகிற நேரம் வேறு. ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. கோவை, திருப்பூர் தொழிற்சாலைகள் ஆட்கள் திரும்பி வருவார்களா என்று தவித்தன.

ஜனவரியில் நாம் பயந்தோம். மார்ச்சில் அவர்கள் பயந்தார்கள். இரண்டு தடவையும் பயத்தைக் கொண்டுவந்தது ஒரே கருவி. இப்போது நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் அதே போன்தான்.

‘மதராஸி’ என்று நம்மைத் துரத்திய நாள்கள்

இனி கொஞ்சம் பின்னால் போகலாம். ‘வெளியூர்க்காரன் வந்து நம்ம வேலையைப் பிடுங்கிட்டான், நம்ம மொழியை அழிக்கிறான்’ என்ற இதே வசனத்தை நம்மைப் பார்த்துச் சொன்ன ஊர்கள் இருக்கின்றன.

பம்பாயில் 1966-ல் பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கினார். ஆரம்பக் காலத்தில் அந்தக் கட்சியின் முக்கியமான குறி, தென்னிந்தியர்கள். அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் அவருடைய ‘மார்மிக்’ பத்திரிகையில் அச்சாகின. தென்னிந்தியர்களின் ஹோட்டல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. நம் வேட்டியையும் லுங்கியையும் கிண்டலடித்து கோஷம் போட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து பிழைக்கப் போய் தாராவியில் குடியேறிய குடும்பங்கள் அந்த நாள்களைக் கடந்துதான் நிலைத்தன.

அதே மும்பையில் இன்று என்ன நிலை? சயான் கோலிவாடா தொகுதியில் 2014-ம் ஆண்டு முதல் எம்.எல்.ஏ-வாக இருப்பவர் ஒரு தமிழர், கேப்டன் தமிழ்ச்செல்வன். மும்பையில் ஒரு தமிழர் தலைநிமிர்ந்து நிற்பதை ‘நாயகன்’ படத்தில் பார்த்து நாம் விசிலடித்தோம். மும்பையில் தமிழர் ஓட்டுப் போட்டு ஜெயிப்பது பெருமை, தரமணியில் ஒரு பீகார்க்காரர் ஓட்டுப் போடுவது ஆபத்து என்று சொன்னால் இடிக்கிறதே? சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் வாக்காளர். அதுவும் ஒரே ஒரு தொகுதியில் மட்டும். இங்கே சேர்ந்தால் அங்கே பெயர் இருக்கக்கூடாது. அதைச் சரிபார்க்க வேண்டியது தேர்தல் ஆணையம்.

பம்பாயைவிடக் கொடுமையானது இலங்கை. தேயிலை, காபித் தோட்டங்களுக்கு ஆங்கிலேயர் கூட்டிப்போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்தார்கள். 1948-ல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1.5 லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் 1968-ல் உருவானதுதான் இன்றைய ‘டான்டீ’ தேயிலைத் தோட்டம். இலங்கையில் ‘இந்தியாக்காரன்’ என்று பெயர் வாங்கியவர்கள், இங்கே வந்து ‘சிலோன்காரன்’ என்று பெயர் வாங்கினார்கள்.

பர்மாவிலும் இதே கதைதான். 1960-களில் ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியதும், தமிழர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைகளில் தொடங்கியது. அங்கே போனால் ‘அத்தோ’ சாப்பிடாமல் யாரும் வருவதில்லை. பர்மாக்காரர்கள் சாப்பாடு இன்று அசல் சென்னைச் சாப்பாடு. பானிபூரிக்கும் இன்னும் கொஞ்ச வருஷத்தில் அந்த இடம் கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது.

தரமணியிலேயே இருக்கும் சாட்சி

‘அதெல்லாம் பழைய கதை, தமிழ் அடையாளம் என்ன ஆகும்?’ என்று கேட்பவர்கள், தரமணியிலேயே ஒரு நடை நடந்து பார்க்கலாம். பாலிடெக்னிக் வளாகப் பகுதியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1970-ல் தொடங்கப்பட்டது. அதற்குக் காரணமாக இருந்தவை உலகத் தமிழ் மாநாடுகள். முதல் மாநாடு 1966-ல் எங்கே நடந்தது தெரியுமா? மதுரையிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. கோலாலம்பூரில்!

ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்த ஊர் அது. அதை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகள் இலங்கையில் பிறந்தவர். மலாயா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மலேசியாவில் இன்றும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகள் தமிழும் படிக்கிறார்கள், மலாயும் படிக்கிறார்கள். போன ஊரின் மொழியைக் கற்றுக்கொண்டே சொந்த மொழியையும் வைத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் தமிழர்கள்தான்.

அந்த நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழில் அச்சான பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் தேடித்தேடிச் சேர்த்த ரோஜா முத்தையா, செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடல் கடந்து போய்ப் பொருள் சேர்த்த நகரத்தார் பூமி அது. அந்தப் பூமியில் சேர்ந்த தமிழ்ப் பொக்கிஷம்தான் இன்று தரமணியில் பாதுகாப்பாக இருக்கிறது.

வேலைக் கோபத்தில் நியாயம் இருக்கிறது

இதையெல்லாம் சொல்வதால், டீக்கடை அக்காவின் கேள்வி காணாமல் போய்விடாது. அதற்குப் பதில் சொல்லாமல், ‘பரந்த மனசு வேண்டும்’ என்று அறிவுரை சொல்வது அவருடைய வீட்டுக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

கூலி எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். உள்ளூர் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சென்னையில் வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, மருந்துச் செலவு எல்லாம் இருக்கிறது. எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போயாக வேண்டும். வடக்கிலிருந்து வருபவர் முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறார். சைட்டிலேயே தகர ஷெட்டில் படுக்கிறார். குடும்பம் ஊரில். பன்னிரண்டு மணி நேரம்கூட வேலை வாங்கலாம். சங்கம் இல்லை, கேள்வி கேட்கத் தெரிந்த மொழி இல்லை. கான்ட்ராக்டர் இருவரில் யாரைக் கூப்பிடுவார்?

இதைத் தடுக்க 1979-லேயே மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கான சட்டம் வந்தது. ஆள் கூட்டிவரும் கான்ட்ராக்டர் உரிமம் எடுக்க வேண்டும், உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைவிடக் குறைத்துக் கொடுக்கக்கூடாது, பயணப்படி, தங்குமிடம், மருத்துவ வசதி தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. இப்போது அது, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பழைய சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தாலே, வடக்கிலிருந்து ஆள் கூட்டிவருவதில் கான்ட்ராக்டருக்குப் பெரிய லாபம் இருந்திருக்காது. சட்டம் காப்பாற்ற நினைத்தது வந்தவரை மட்டும் இல்லை, உள்ளூர்க்காரரையும்தான்.

கணக்கே சரியாக இல்லை என்பது இன்னொரு சிக்கல். சுமார் பத்து வருடங்களுக்கு முன் மாநிலத் தொழிலாளர் துறை எடுத்த கணக்கில், தமிழ்நாட்டில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது. கணக்கு இல்லாத இடத்தில்தான் ‘ஒரு கோடி பேர் வந்துட்டாங்க’ என்ற வாட்ஸ்அப் கணக்குகள் முளைக்கின்றன.

பதிவு இல்லாததன் விலை என்ன என்பதை 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் பார்த்தோம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு என்று எல்லா ஊர்க்காரர்களும் அந்த இடிபாட்டுக்குள் இருந்தார்கள். கான்கிரீட் யாரிடமும் ‘எந்த மாநிலம்?’ என்று கேட்கவில்லை.

75 சதவிகிதம் தீர்வாகுமா?

‘உள்ளூர்க்காரர்களுக்கு 75 சதவிகித வேலை’ என்ற வாக்குறுதியை 2021 தேர்தலில் நாம் கேட்டோம். ஹரியானா அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. மாதம் 30,000 ரூபாய்க்குக் குறைவான தனியார் வேலைகளில் 75 சதவிகிதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்றது. 2023 நவம்பரில் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தியாவில் எங்கும் போகலாம், எங்கும் தங்கலாம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் உரிமை. அந்த உரிமையை நம்பித்தான் தமிழ்ப் பிள்ளைகள் பெங்களூரிலும் புனேவிலும் வேலை பார்க்கிறார்கள்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3. கல்லூரி வயதில் இருப்பவர்களில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் 2021-22 கணக்குப்படி இங்கே 47 சதவிகிதம். தேசிய சராசரி 28.4. இன்ஜினீயரிங் படித்த நம் வீட்டுப் பையன் சித்தாள் வேலைக்குப் போகப்போவதில்லை, போகவும் வேண்டாம். அந்த வேலைக்கு ஆள் வரத்தான் செய்வார்கள். யார் வருகிறார்கள் என்பதைவிட, என்ன கூலிக்கு வருகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

தமிழைக் காப்பாற்ற ஒரு வழி

மொழிக் கோபத்துக்கு இரண்டு இடங்களில் பதில் தேடலாம். ஒன்று, அரசு வேலை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, தன் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாள் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. மக்களோடு பேசவேண்டிய கவுன்ட்டரில் மக்கள் மொழி தெரிந்தவர் உட்கார வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. மத்திய அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்க வேண்டிய இடம் டெல்லி.

இன்னொன்று, பள்ளிக்கூடம். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி இங்கே பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாகப் படிப்படியாகக் கட்டாயமானது. வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகவே ‘தமிழ் மொழி கற்போம்’ என்ற திட்டத்தைப் பள்ளிக்கல்வித் துறை நடத்துகிறது. தரமணியில் தகர ஷெட்டில் வளரும் ஒரு குழந்தை அரசுப் பள்ளிக்கு வந்து தமிழ் படித்தால், தமிழுக்கு ஒரு ஆள் கூடுகிறது. அந்தக் குழந்தையை ‘வடக்கன் பிள்ளை’ என்று ஒதுக்கினால், தமிழுக்கு ஒரு ஆள் குறைகிறது. கணக்கு இவ்வளவுதான்.

இதே தரமணியில், முதலில் சொன்ன அந்த ஐ.டி கார்டு கூட்டத்துக்கும் இப்போது ஒரு பயம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ட்ரம்ப், புதிய ஹெச்-1பி விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார். ‘வெளிநாட்டுக்காரர்கள் குறைந்த சம்பளத்துக்கு வந்து அமெரிக்கர்களின் வேலையைப் பறிக்கிறார்கள்’ என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். டீக்கடை அண்ணன் சொன்ன அதே வசனம், இந்தத் தடவை ஆங்கிலத்தில்.

மறுநாளும் அந்த டீக்கடைக்குப் போனேன். “அக்கா, அவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிட்டா உங்க வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சிடுமா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். “அனுப்பிட்டா யாருக்கு டீ விக்கிறது தம்பி? அந்தப் பையனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே கூலி, ஒரே நேரம்னு சொல்லிப் போடச் சொல்லுங்க. அப்புறம் யாரு நல்லா வேலை செய்றாங்கன்னு பார்த்துக்கலாம்.”

பின்னால் ஒரு குரல் கேட்டது. “அக்கா, நாலு டீ. ஒண்ணு சக்கரை கம்மி.”

“தெரியும்டா, நேத்தும் அதான” என்று சிரித்தபடி பாலை ஊற்றத் தொடங்கினார் அக்கா.